குடிப்பழக்கம் எந்த இடத்துல நோயா மாறுது? வீட்ல இருக்கவங்களுக்கு ஒரு வழிகாட்டி

இத ரெண்டு பேருக்காக எழுதுறேன். ஒருத்தர், வீட்ல ஒரு ஆள் குடிக்கிறாரு, அது "ஊர்ல எல்லாரும் குடிக்கிற மாதிரி" தானா இல்ல கைமீறி போயிருச்சான்னு ராத்திரி தூக்கம் வராம யோசிச்சுட்டு இருக்குற பொண்டாட்டி, அம்மா, தங்கச்சி, மகன். இன்னொருத்தர், குடிக்கிறவரே, யார்கிட்டயும் கேக்க முடியாம போன்ல தேடிட்டு இருக்கவரு. என் கூடப்பிறந்த அண்ணன் இந்த நோய்ல இருந்து மீண்டு வந்துட்டு இருக்காரு, அவருக்காக போக ஆரம்பிச்ச குடும்ப மீட்டிங்குக்கு இன்னமும் போறேன், அங்க புதுசா வர்றவங்க எங்க சுத்தி எப்படி கேட்டாலும் கடைசில கேக்குறது ஒண்ணுதான்: "இது அடிக்‌ஷனா, இல்ல நான்தான் பெருசு பண்றேனா?"

நான் டாக்டர் இல்ல. நோய்னு சொல்ல வேண்டியது டாக்டர்தான். ஆனா டாக்டர்கிட்ட போகணுமா வேணாமான்னு தெரிஞ்சுக்குற வரைக்கும் உள்ள வேலைய வீட்லயே பண்ணலாம், அததான் வரிசையா சொல்றேன். குடிய பத்தி மட்டும் பேசுறேன், கஞ்சா, வலி மாத்திரை, ஹான்ஸ் இதுக்கெல்லாம் அடையாளம் பாதி ஒண்ணா இருந்தாலும் நிறுத்துறப்ப வர்ற ஆபத்து ஒவ்வொண்ணுக்கும் வேற, அதனால அதுகள இதோட சேத்து குழப்பல.

முதல்ல, சண்டைய எதுக்கு போடுறீங்கன்னு பாருங்க

நிறைய வீட்ல சண்டை அளவுக்காகதான் நடக்குது. "ஒரு குவார்ட்டர்தான் அடிச்சேன்", "இல்ல, ஆஃப் அடிச்சிருக்க, வாடை அடிக்குது பாரு". இந்த சண்டைல யாரும் ஜெயிச்சது கிடையாது. அளவு முக்கியம்தான், உடம்புக்கு எவ்வளவு கெடுதின்னு அது சொல்லும், ஆனா அடிமை ஆயாச்சா இல்லையான்னு அது சொல்லாது. கல்யாணத்துக்கு கல்யாணம் நிறைய குடிச்சுட்டு மத்த நாள்ல நினைச்சுக்கூட பாக்காத ஆளும் இருக்காரு, தினமும் ஒரே ஒரு கட்டிங்தான், ஆனா அந்த கட்டிங் இல்லன்னா அன்னிக்கு பொழுதே ஓடாதுங்கற ஆளும் இருக்காரு. ரெண்டாவது ஆளதான் நான் முதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன்.

இருந்தாலும் கணக்கு ஒரு தடவ தெரிஞ்சு வச்சுக்கங்க, ஏன்னா "குவார்ட்டர்தானே" அப்படிங்கறது சின்ன விஷயம் மாதிரி காதுல விழுது. டாஸ்மாக்ல விக்கிற பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. கணக்கு போட்டா சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம் வருது. உலக சுகாதார நிறுவனம் ஒரு டிரிங்க்னு வச்சிருக்குற அளவு 10 கிராம். அப்போ ஒரு குவார்ட்டர்னா ஆறு டிரிங்க், ஒரே உக்கார்ல ஆறு டிரிங்க் போட்டாலே அது அதிகப்படின்னுதான் அவங்க கேள்வித்தாள்லயே வச்சிருக்காங்க. "நான் பீர் மட்டும்தான்" அப்படின்னு சொல்றவருக்கும் இதே கணக்கு, 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம்னா 40 கிராம் தாண்டுது, ரெண்டு பாட்டில் அடிச்சா குவார்ட்டர தாண்டிருச்சு.

இந்த கணக்கு போட்டதோட அளவு சண்டைய விட்ருங்க. அடுத்ததுதான் வேலை.

ரெண்டு வாரம் ஒரு நோட்ல எழுதுங்க

திட்டாம, கேள்வி கேக்காம, மோந்து பாக்காம, சட்டை பாக்கெட்ட தேடாம, ரெண்டு வாரம் கவனிச்சு மட்டும் எழுதுங்க. குடிக்கிறவரே படிக்கிறீங்கன்னா உங்க போன்லயே எழுதுங்க, அது இன்னும் நல்லது. கஷ்டமாதான் இருக்கும், ஆனா அப்புறம் டாக்டர் முன்னாடி போய் உக்காரும்போது "எப்பப் பாத்தாலும் குடிக்கிறாரு டாக்டர்" அப்படின்னு சொல்றதுக்கும் தேதி போட்டு சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

எத எழுதணும்? அன்னிக்கு முதல் தடவ குடிச்சது எத்தன மணிக்கு. "இன்னிக்கு வேணாம்"னு அவரா சொன்ன நாள்ல என்ன நடந்துச்சு. "ரெண்டு பெக்தான்"னு உக்காந்த நாள்ல எங்க போய் நின்னுச்சு. காலைல எந்திரிச்சதும் கை எப்படி இருந்துச்சு, டீ டம்ளர ஒரு கைல பிடிக்க முடிஞ்சுதா. விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்து உக்காந்துட்டாரா. வேலைக்கு போகாத நாள் எது. குடிக்க காசு எங்கருந்து வந்துச்சு.

முக்கியமா ஒண்ண கவனிங்க, கடை மூடுற நாள். காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், திருவள்ளுவர் தினம், மே தினம் இந்த மாதிரி நாள்ல டாஸ்மாக் லீவு. சாதாரணமா குடிக்கிறவருக்கு அது இன்னொரு லீவு நாள், அவ்ளோதான். அடிமையானவருக்கு அது முதல் நாளே மனசுக்குள்ள ஓட ஆரம்பிச்சுரும், முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு கடை மூடுறதுக்குள்ள வாங்கி வண்டி சீட்டுக்கு அடில, பாத்ரூம் மேல, அரிசி டின்னுக்குள்ள பதுக்கி வச்சிருப்பாரு, இல்லன்னா அன்னிக்கு பிளாக்ல ரெட்டை விலை குடுத்து வாங்குவாரு. அதே மாதிரி கடை தொறக்குற பகல் 12 மணி. 11 மணில இருந்தே நிலைகொள்ளாம வீட்டுக்குள்ள நடக்குறாரா, சின்ன விஷயத்துக்கு எரிஞ்சு விழுறாரா, ஏதோ வேலை இருக்குன்னு கிளம்புறாரா, இதையும் எழுதுங்க.

ஆறு அடையாளம்

உலகம் பூரா டாக்டர்கள் ரொம்ப காலமா பாத்துட்டு வந்தது ஆறு விஷயம். கடந்த ஒரு வருஷத்துக்குள்ள இதுல மூணோ அதுக்கு மேலயோ சேந்து இருந்தா அத அடிமை நிலைன்னு எடுத்துக்குவாங்க. மூணு போதும், ஆறும் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, நம்ம ஊர்ல பெரும்பாலும் ஆறும் வந்து ரத்த வாந்தியும் எடுத்ததுக்கு அப்புறம்தான் கூட்டிட்டு போறாங்க, அதான் எனக்கு ஆத்தாமை.

முதல் அடையாளம் ஏக்கம். குடிக்கணும்ங்கற நினைப்பு அவர கேட்டு வராது, அதுவா வந்து உக்காந்துக்கும், பிள்ளையோட ஸ்கூல் ஆண்டு விழால உக்காந்திருப்பாரு, கண்ணு மட்டும் வாட்ச்ல இருக்கும்.

ரெண்டாவது கட்டுப்பாடு போறது. என்னை கேட்டா எல்லாத்துலயும் இதுதான் தலை. எப்போ ஆரம்பிக்கணும், எவ்வளவுல நிறுத்தணும்னு அவரு போடுற கணக்கு எதுவும் நிக்காது. இத பொய்னு நினைக்காதீங்க, "இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு"னு அவரு சொல்றப்ப அந்த நிமிஷம் அவரு மனசார நம்பிதான் சொல்றாரு. பிள்ளை தலைல கை வச்சு சத்தியம் பண்ணிட்டு சாயங்காலமே குடிச்சுட்டு வர்றவரு பிள்ளை மேல பாசம் இல்லாதவரு கிடையாது, முதல் கிளாஸ் உள்ள போனதும் அடுத்த கிளாஸ முடிவு பண்றது அவரு இல்ல, அதுதான் நோயே. வீட்ல இத புரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு பாதி கோவம் இறங்கிரும்.

மூணாவது, குடிக்காம இருந்தா உடம்பு படுத்துறது. கை நடுக்கம், வேர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கம் இல்லாம போறது. இது இருந்தா மத்த அஞ்ச பாக்குறதுக்கு முன்னாடியே டாக்டர பாத்துருங்க, ஏன்னு கீழ தனியா சொல்றேன். காலைல ஒரு கட்டிங் உள்ள போனதும் கை நடுக்கம் நின்னு "இப்பதான் மனுசனா ஆனேன்"னு சொல்றாருன்னா சந்தேகமே வேணாம்.

நாலாவது, அளவு ஏறிட்டே போறது. முன்னாடி கட்டிங்ல கிடைச்சது இப்போ குவார்ட்டர் இல்லாம கிடைக்கல. இத நம்ம பசங்க "அவனுக்கு கெப்பாசிட்டி ஜாஸ்தி மச்சான்"னு பெருமையா பேசுறாங்க. எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடியா நிக்கிறவருதான் அந்த கூட்டத்துல ஆபத்துல இருக்கவரு, அவரு மூளை அந்த விஷத்துக்கு பழகிருச்சுன்னு அர்த்தம். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க, பல வருஷம் குடிச்சவருக்கு திடீர்னு கொஞ்சத்துலயே போதை தலைக்கேற ஆரம்பிச்சா "குறைச்சுட்டாரு"ன்னு சந்தோஷப்படாதீங்க, அது கல்லீரல் கெட்டுப்போனதோட அடையாளமா இருக்கலாம்.

அஞ்சாவது, மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா உதிர்றது. முன்னாடி சாயங்காலம் கிரவுண்டுக்கு போவாரு, கோயிலுக்கு போவாரு, தம்பி வீட்டுக்கு போவாரு. இப்போ குடிக்க முடியாத எந்த இடத்துக்கும் வர்றதில்ல. ஒரு விசேஷத்துக்கு கூப்பிட்டா அங்க குடிக்க வசதி இருக்கான்னுதான் முதல்ல மனசு கணக்கு போடும்.

ஆறாவது, கெடுதி கண்ணு முன்னாடி தெரிஞ்சும் விடமுடியாம போறது. டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்ட காட்டி சொல்லிட்டாரு, லைசென்ஸ் போச்சு, வேலை போச்சு, பொண்ணு பேசுறதில்ல, எல்லாம் தெரியும், அழுவாரு கூட, ஆனா மறுநாளும் போவாரு.

இது போக அடிக்கடி வீட்ல கேக்குறது, "நேத்து ராத்திரி நல்லாதான் பேசினாரு, சாப்பிட்டாரு, காலைல எதுவுமே ஞாபகம் இல்லங்கறாரு, நடிக்கிறாரா?" நடிப்பு இல்ல. ரத்தத்துல ஆல்கஹால் சடார்னு ஏறும்போது மூளை நினைவ பதிய வைக்கிற வேலைய நிறுத்திரும், ஆள் நடப்பாரு, பேசுவாரு, வண்டி கூட ஓட்டுவாரு, ஆனா எதுவும் பதிவாகாது. இது மட்டும் வச்சு அடிமைன்னு சொல்லிர முடியாது, ஆனா அடிக்கடி வந்தா நோட்ல எழுதுங்க. அதே மாதிரி பொண்டாட்டி மேல காரணமே இல்லாம சந்தேகம், போன புடுங்கி பாக்குறது, யாரோட பேசினன்னு ராத்திரி பூரா விசாரணை. ரொம்ப நாள் குடிக்கிற சில பேருக்கு இது ஒரு நோயாவே வரும், இத கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லணும், வெக்கப்பட்டு மறைக்காதீங்க.

"மாலை போட்டா குடிக்க மாட்டாரே"

இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ குடும்பத்த வருஷக்கணக்கா ஏமாத்தியிருக்கு. கார்த்திகைல சபரிமலைக்கு மாலை போடுறாரு, 48 நாள் ஒரு சொட்டு தொட மாட்டாரு, அப்போ அவரால முடியுது, அப்போ அடிமை இல்லன்னு எல்லாரும் முடிவு பண்ணிருவாங்க. நிறுத்த முடியுதான்னு பாத்தா போதாது. மாலை கழட்டுற அன்னிக்கு என்ன நடக்குதுன்னு பாருங்க. மலையிலருந்து இறங்குற வழில, வேன்லயே ஆரம்பிக்குதா? ஒரு வாரத்துல பழைய அளவுக்கே போய் நிக்குதா? 48 நாளும் கழட்டுற நாள எண்ணிக்கிட்டே இருந்தாரா? விட்ட இடத்துலருந்து அதே வேகத்துல தொடங்குறது அடிமை நிலையோட தெளிவான குணம். சாமி மேல இருக்குற பயமும் பக்தியும் அந்த 48 நாளைக்கு அவர தாங்குது, அது உண்மைதான், நல்லதும்தான், ஆனா அந்த 48 நாள் அவருக்கு சிகிச்சை எதுவும் நடக்கல. அந்த சமயத்துலயே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனா அது பொன்னான நேரம், ஏன்னா அவரு தெளிவா இருப்பாரு, தன்மேல ஒரு நம்பிக்கையும் இருக்கும். கோயில்ல கயிறு கட்டுறவங்களுக்கும் இதையேதான் சொல்வேன், கயிறும் கட்டுங்க, ஓபி சீட்டும் போடுங்க.

அவரே பதில் சொல்லிக்க நாலு கேள்வி

குடிக்கிறவருக்கு இது. 1984-ல ஜான் யூயிங்னு ஒரு அமெரிக்க டாக்டர் வெளியிட்டது, இன்னிக்கும் டாக்டர்கள் கேக்குறாங்க. குடிய குறைக்கணும்னு எப்பவாவது தோணியிருக்கா? உங்க குடிய பத்தி மத்தவங்க பேசினப்ப எரிச்சல் வந்திருக்கா? குடிச்சதுக்காக குற்ற உணர்ச்சி வந்திருக்கா? காலைல எந்திரிச்சதும் நடுக்கம் போக, தலைவலி போக குடிச்சிருக்கீங்களா? ரெண்டுக்கு ஆமான்னா டாக்டர்கிட்ட பேச வேண்டிய நிலை.

இன்னும் விரிவா வேணும்னா உலக சுகாதார நிறுவனத்தோட ஆடிட்னு பத்து கேள்வி இருக்கு, மார்க் 0 முதல் 40 வரைக்கும். 8-ஓ அதுக்கு மேலயோ வந்தா ஆபத்தான குடி, 20-ஓ அதுக்கு மேலயோ வந்தா அடிமை நிலையா இருக்க நல்ல வாய்ப்பு, ஸ்பெஷலிஸ்ட்ட பாக்கணும். ஓபிலயே இத கேப்பாங்க, அதனால வீட்ல போட்டு பாக்க முடியலன்னாலும் பரவால்ல. யாரும் பக்கத்துல இல்லாதப்ப, உண்மையா பதில் சொல்லுங்க.

ஒரே நாள்ல நிறுத்த வைக்காதீங்க

இந்த பகுதிய மட்டுமாவது முழுசா படிங்க. தினமும் குடிக்கிறவரு, அதுவும் காலைல கை நடுங்குறவரு, ஒரு நாள் திடீர்னு மொத்தமா நிறுத்தினா உயிருக்கே ஆபத்து வரலாம். சொல்றது விசித்திரமா இருக்கும், நிறுத்தறதுதானே நல்லதுன்னு தோணும். வருஷக்கணக்கா ஆல்கஹால் மூளைய அமுக்கி அமுக்கி வச்சிருக்கு, அதுக்கு ஈடு குடுக்க மூளை தன்னை முடுக்கி வச்சிருக்கு, அமுக்குன கைய சட்டுனு எடுத்தா உள்ள இருக்குற அந்த முடுக்கம் மொத்தமா கிளம்பிரும்.

கடைசியா குடிச்சதுல இருந்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள்ள நடுக்கம், வேர்வை, வாந்தி ஆரம்பிக்கும். முதல் ரெண்டு நாளைக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், இதுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வராதவருக்கும் வரலாம். ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள சில பேருக்கு ஜன்னி கண்ட மாதிரி ஆகும், ஆள் அடையாளம் தெரியாது, பூச்சி ஊர்றதா சொல்லி தட்டி விடுவாரு, இல்லாதவங்க கூட பேசுவாரு, உடம்பு கொதிக்கும், ஓட பாப்பாரு. சில வீட்ல இத காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு மந்திரிக்க கூட்டிட்டு போயிடுறாங்க. அந்த நேரம் 108-க்கு போன் பண்ணனும், வேற எதுவும் வேணாம்.

2020 மார்ச்ல லாக்டவுன் போட்டு கடையெல்லாம் ஒட்டுமொத்தமா மூடினப்ப இதுதான் நடந்துச்சு, ஊரெல்லாம் ஃபிட்ஸோடயும் குழப்பத்தோடயும் ஆட்கள ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினாங்க, அதுல பல குடும்பத்துக்கு நம்ம வீட்டு ஆள் இந்த அளவுக்கு அடிமையா இருந்திருக்காருன்னு அன்னிக்குதான் தெரிஞ்சுது. இன்னொரு இடத்துலயும் இது அடிக்கடி நடக்கும், விபத்துல கால் உடைஞ்சு ஆபரேஷனுக்கு அட்மிட் ஆவாரு, குடிக்கிற விஷயத்த வெக்கப்பட்டு யாரும் டாக்டர்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க, மூணாவது நாள் வார்டுல டிரிப்ப பிடுங்கி எறிஞ்சுட்டு கத்துவாரு. எந்த காரணத்துக்காக அட்மிட் ஆனாலும் "தினமும் குடிப்பாரு, கடைசியா இத்தன மணிக்கு குடிச்சாரு"ன்னு முதல்லயே சொல்லிருங்க, அந்த ஒரு வாக்கியம் உயிர காப்பாத்தும்.

டாக்டர் என்ன பண்ணுவாங்கன்னா, குளோர்டயசிபாக்ஸைடு, டயசிபாம், லோராசிபாம் மாதிரி மருந்து குடுத்து சில நாள்ல படிப்படியா குறைச்சு நிறுத்துவாங்க, கூடவே தயாமின், அதாவது பி1 விட்டமின் ஊசி. குடிக்கிறவங்க உடம்புல பி1 வத்திப்போயிருக்கும், அது இல்லாம மூளை நிரந்தரமா கெடலாம், கண்ணு அசைவு மாறுறது, தள்ளாட்டம், குழப்பம் எல்லாம் வரும். நம்ம ஊர்ல "தெம்பு இல்ல, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு பக்கத்து கிளினிக்குக்கு கூட்டிட்டு போற பழக்கம் இருக்கு, குடிக்கிறவருக்கு பி1 குடுக்காம குளுக்கோஸ் மட்டும் ஏத்துறது கூடாது, அங்கயும் குடிக்கிற விஷயத்த சொல்லுங்க. மேல சொன்ன மாத்திரைய நீங்களா மெடிக்கல்ல வாங்கி குடுக்காதீங்க, யார் வீட்லயோ மிச்சம் இருக்குற தூக்க மாத்திரையும் வேணாம், அதோட மேல குடிச்சுட்டாருன்னா மூச்சு அமுங்கிரும்.

அவர்கிட்ட எப்படி பேசுறது

போதைல இருக்கும்போது பேசாதீங்க. நடுக்கத்தோட முழிக்கிற நேரத்துலயும் வேணாம். குளிச்சு சாப்பிட்டு தெளிவா இருக்குற ஒரு நேரம் எல்லார் வீட்லயும் இருக்கும், அத பிடிங்க. சொந்தக்காரங்க பத்து பேர கூட்டி பஞ்சாயத்து வைக்கிறது அவர இன்னும் குடிக்கதான் அனுப்பும். அவரு மதிக்கிற ஒரு ஆள் போதும், தாய்மாமாவோ, கூட வேலை பாக்குற அண்ணனோ.

"நீ குடிகாரன்"னு ஆரம்பிச்சா கதவ மூடிருவாரு. உடம்புலருந்து ஆரம்பிங்க. "என்னங்க, பத்து நாளா ராத்திரி தூங்கவே மாட்டேங்கறீங்க, காலைல கை நடுங்குது, சாப்பாடு இறங்கல, ஒரு தடவ டாக்டர பாத்துட்டு லிவர் டெஸ்ட் மட்டும் எடுத்துட்டு வந்துருவோம்". இது ஏமாத்து வேலை இல்ல, உண்மையாவே தேவைப்படுற டெஸ்ட்தான், அங்க டாக்டர் குடிய பத்தி கேக்கும்போது அவரே பேசுவாரு. நோட்ல எழுதினதுல ஒண்ணோ ரெண்டோ மட்டும் சொல்லுங்க, முழு லிஸ்ட்டையும் வாசிக்காதீங்க. "இனிமே குடிக்க மாட்டேன், சத்தியம்"னு சொன்னா சத்தியத்த வாங்காதீங்க, ஓபிக்கு போற தேதிய வாங்குங்க.

கை நீட்டுறவருன்னா இந்த பேச்சே உங்க வேலை இல்ல. உங்க பாதுகாப்பும் பிள்ளைங்க பாதுகாப்பும் முதல்ல. பெண்களுக்கான 181-க்கு போன் பண்ணுங்க, போய் தங்க ஒரு வீட்ட முன்கூட்டியே பேசி வைங்க. நோய்ங்கறதுக்காக அடி வாங்கணும்னு எந்த சட்டமும் இல்ல.

எங்க போறது

நம்ம ஜனங்க தனியார் சென்டர் விளம்பரத்துலதான் முதல்ல விழுறாங்க, காசு இல்லாதவங்க போகாமலே இருந்துடுறாங்க. 2019-ல எய்ம்ஸ் எடுத்து மத்திய அரசு வெளியிட்ட சர்வேல, குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தருக்குதான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சிருக்குன்னு வந்துச்சு. ஆனா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் மனநலப் பிரிவு இருக்கு, மாவட்ட மனநல திட்டமும் இருக்கு, 2025-ல கலங்கரைன்னு பேர் வச்சு அரசு ஆஸ்பத்திரிகள்ல போதை மீட்பு மையங்களும் தொறந்திருக்காங்க, சென்னைல கீழ்ப்பாக்கம் மனநல காப்பகத்துலயும் பாக்குறாங்க. மனநலப் பிரிவுன்னதும் "பைத்தியத்துக்கா கூட்டிட்டு போறீங்க"ன்னு கேப்பாரு, குடி சம்பந்தப்பட்ட நோய பாக்குற டாக்டர் அங்கதான் உக்காந்திருப்பாருன்னு சாதாரணமா சொல்லிருங்க.

சென்னை அடையாறு இந்திரா நகர்ல டிடிகே ஆஸ்பத்திரி 1980-ல இருந்து இந்த ஒரு நோய்க்காகவே நடக்குது. ஆரம்பிச்ச சாந்தி ரங்கநாதன், தன் கணவர குடிக்கு பறிகொடுத்தவங்க, குடும்பத்துக்கும் சேத்து சிகிச்சை குடுக்கணும்ங்கறத இங்க நிலைநாட்டினவங்கள்ல முக்கியமானவங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னா போன்லருந்து ஆரம்பிங்க: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, நம்ம மாநில சுகாதார உதவி எண் 104. தமிழ்ல பேசலாம்.

ஏஏ மீட்டிங் பத்தியும் சொல்லணும், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு குடிய விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடுற கூட்டம். 1935-ல அமெரிக்கால ஆரம்பிச்சது, தமிழ்லயே நடக்குற மீட்டிங் நம்ம ஊர்கள்ல நிறைய இருக்கு, சர்ச் ஹால்ல, ஸ்கூல் ரூம்ல. ஃபீஸ் கிடையாது, எந்த மதமும் கேக்க மாட்டாங்க, குடிய நிறுத்தணும்ங்கற ஆசை ஒண்ணு இருந்தா போதும். குடும்பத்துக்கு அல்-அனான்னு தனி மீட்டிங். ஆஸ்பத்திரி சில நாள்ல உடம்பு நடுக்கத்த நிறுத்தும், அதுக்கப்புறம் வர்ற மாசங்கள தாண்ட இந்த மாதிரி ஒரு கூட்டம் வேணும்.

இதெல்லாம் வேணாம்

"அவருக்கே தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்க, குடிய வெறுத்துருவாரு"ன்னு பஸ் ஸ்டாண்ட் சுவத்துல இருந்து யூடியூப் வரைக்கும் விளம்பரம் வருது. தயவு செஞ்சு வாங்காதீங்க. அந்த பொடில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம்னு ஒரு உண்மையான மருந்து இருக்கு, அத சாப்பிட்டவரு குடிச்சா முகம் சிவந்து நெஞ்சு படபடத்து வாந்தி எடுத்து ரத்த அழுத்தம் விழுந்துரும், உயிரே போகலாம், அதனாலதான் நோயாளிக்கு தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் கண்காணிப்புல மட்டும் குடுக்குறாங்க. ஏக்கத்த குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட்னு வேற மருந்தும் இருக்கு, யாருக்கு எதுன்னு கல்லீரலையும் கிட்னியையும் பாத்துட்டு டாக்டர் சொல்லுவாரு.

அடுத்தது, ராத்திரி வண்டி அனுப்பி ஆள தூக்கிட்டு போய் பூட்டி வைக்கிற சென்டருங்க. அடிச்சு திருத்துறோம்னு சொல்ற இடம் எதுவும் சிகிச்சை இடம் இல்ல. 2017 மனநல சட்டப்படி இந்த மாதிரி மையம் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும், சங்கிலி போட்டு கட்டக்கூடாது. சேக்கிறதுக்கு முன்னாடி பதிவு சான்றிதழ கேளுங்க, தினமும் டாக்டர் வர்றாரான்னு கேளுங்க, குடும்பம் வந்து பாக்க விடுவீங்களான்னு கேளுங்க. மூணுல ஒண்ணுக்கு மழுப்பினா திரும்பி வந்துருங்க.

அப்புறம் நீங்க பண்றதுலயும் ஒண்ண நிறுத்தணும். மேஸ்திரிக்கு போன் பண்ணி "அவருக்கு காய்ச்சல்"னு சொல்றது, பார் கடன நகைய அடகு வச்சு கட்டுறது, வாந்திய கழுவி சட்டைய மாத்தி காலைல எதுவும் நடக்காத மாதிரி டீ குடுக்குறது. பாசத்துலதான் பண்றீங்க, எங்க அம்மாவும் அதையேதான் பண்ணாங்க. ஆனா அதனால குடியோட விலை அவருக்கு தெரியாமலே போகுது, பூரா விலையும் நீங்க குடுத்துட்டு இருக்கீங்க. சாப்பாடு போடுங்க, உடம்பு முடியலன்னா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க, பொய் சொல்றதையும் கடன் அடைக்கிறதையும் மட்டும் விடுங்க.

ஓபிக்கு போற அன்னிக்கு

நோட்ட எடுத்துக்கங்க. எத்தன வருஷமா குடிக்கிறாரு, கடைசியா குடிச்சது எப்போ, முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா, நிறுத்தினப்ப குழப்பம் வந்திருக்கா, சுகர் பிரஷர் மாத்திரை என்ன சாப்பிடுறாரு, தலைல அடிபட்டிருக்கா, செத்துருவேன்னு எப்பவாவது சொல்லியிருக்காரா, இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி குடுத்துருங்க, ஓபி கூட்டத்துல பேச நேரம் கிடைக்காது. முன்னாடி ஒரு தடவ சிகிச்சை எடுத்து திரும்ப குடிச்சிருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க, இந்த நோய்ல திரும்ப விழுறது சகஜம், டாக்டர் அதுக்காக திட்ட மாட்டாரு, போன தடவ எத்தன மாசம் தாங்குச்சு, எதுல விழுந்தாருன்னு தெரிஞ்சா இந்த தடவ மருந்தையும் கவுன்சிலிங்கையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்துவாரு.

கிளம்புற நேரத்துல அவரு வரமாட்டேன்னு படுத்துக்கிட்டா நீங்க மட்டும் நோட்டோட போங்க. பல இடத்துல குடும்பத்துக்கு தனியா கவுன்சிலிங் குடுக்குறாங்க, அதுக்கு அவரு கூட வரணும்னு இல்ல.